முதல் ரவுண்டு

ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் வந்த அம்மாவின் தலைமுடி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுந்தூரம் வண்டியில் போய்வந்தவளுடையதைப் போலக் கலைந்து பறந்திருந்தது. மத்தியானம்தான் மகள் அதை வாரிப் பின்னிவிட்டிருந்தாள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

"எங்கேம்மா போயிட்டு வந்தே?"

"நான் எங்கேடி போவேன்? வண்டியிலதான் உட்கார்ந்திருந்தேன்."

அது ஓடுகிற வண்டியா என்ன? தம்பி ஆசை ஆசையாகப் பிரித்துப்போட்டு, மறுபடி தன் மனசுப்படி கட்டிக்கொண்டிருந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். சக்கரங்கள் இல்லாமல், மூக்கைப் பின்சுவர்ப் பக்கம் வைத்து, இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றது. முன்கண்ணாடி இன்னும் போடவில்லை. இன்ஜின் மூலையில் பழைய போர்வைக்குள் கிடந்தது. அகலப்படுத்திய மட்கார்டுகளில் பட்டி பூசிய தம்பி ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். மறுபக்கத்தில் அவன் விரல் தடம் அப்படியே காய்ந்துபோயிருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், வீட்டுக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா அந்த வண்டிக்குள் போய் உட்கார ஆரம்பித்தாள். ஓட்டுகிறவன் இருக்கையில் அல்ல, அதற்குப் பக்கத்து இருக்கையில். முதலில் கொஞ்ச நேரம், பிறகு பொழுது சாயும்வரை. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு நூலாக இளைத்தது. முகத்தில் மட்டும் ஊர் சுற்றி வந்தவளின் களை.

ஒருநாள் கூப்பிடப் போன மகளுக்கு, கிரீஸ் நாற்றத்துக்கும் பட்டி நெடிக்கும் நடுவே, அப்போதுதான் மழை நின்ற தார்ச்சாலையின் வாசனை அடித்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வாங்கினாள். வேகமாகப் போகும் வண்டியின் கண்ணாடியில் மோதிச் சாவதுபோல, சின்னச் சின்னப் பூச்சிகள் அதில் நசுங்கி ஒட்டியிருந்தன.

அன்றே முடிவு செய்துவிட்டாள். தம்பியைத்தான் பறிகொடுத்தாயிற்று, அம்மாவையாவது மீட்க வேண்டும். வண்டியை விற்றுவிடலாம்.

வாங்க வந்தவர் பட்டறைக்காரர். ஸ்பேனர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"பாதி வண்டி வாங்குறது பாதி ஷேவ் பண்ணின மூஞ்சி மாதிரி, தங்கச்சி. மிச்சத்துல கத்தி வைக்கவே கை நடுங்கும்."

"தம்பி வேலை சுத்தமா இருக்கும்ண்ணே."

"அதுல குறை சொல்ல மாட்டேன். இதை ஓட்டியே பார்த்ததில்லையா?"

"இன்ஜினைக் கழட்டினதுலேர்ந்து இப்படியேதான் நிக்குது."

சக்கரம் இருக்க வேண்டிய வளைவுக்குள் கைவிட்ட ஸ்பேனர், விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். சேறு. ஈரம் காயாத சேறு.

ஷெட் வாசலில் நின்ற அம்மா, "ரெண்டாவது கியர் கொஞ்சம் இடிக்கும், பார்த்து ஓட்டுப்பா. அவனுக்குப் பழகிடுச்சு," என்றாள்.

ஸ்பேனர் சிரித்தார். தரையில் தனியாகக் கிடந்த கியர்பாக்ஸ் கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றது. அதற்குமேல் பேரம் பேசவில்லை. பழைய சக்கரங்களை மாட்டி, கம்பி கட்டி இழுத்து, இன்ஜின், கியர்பாக்ஸ் சகிதம் வண்டியை லாரியில் ஏற்றினார்.

அம்மா ஒப்பாரி வைப்பாள், வண்டியைக் கட்டிக்கொள்வாள் என்று மகள் பயந்திருந்தாள். அம்மா சும்மா நின்றாள்.

"அழுதுடும்மா. மனசுக்குள்ள வச்சுக்காதே."

"எதுக்குடி அழணும்? முதல் ரவுண்டு உன்னைத்தாம்மா கூட்டிட்டுப் போவேன்னான். கூட்டிட்டுப் போறான். வண்டி போனா என்ன, அவன் இருக்கான்ல?"

லாரி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு, மகள் உள்ளே வந்தாள். சமையலறையில் அம்மா இல்லை. படுக்கையறையிலும் இல்லை. புடவைத் தலைப்பு காற்றில் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஷெட்டிலிருந்து.

காலி ஷெட். நடுவில் எண்ணெய்க் கறை. அதற்கு மேலே அம்மா, பின்சுவரைப் பார்த்தபடி. உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்.

அடியில் ஒன்றும் இல்லை.

அவிழ்ந்த முடி மகளை நோக்கிப் பறந்தது. வளைவில் திரும்புகிறவளைப்போல உடம்பு ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"அம்மா! இறங்கும்மா!"

அம்மா தனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். "அக்கா கூப்பிடுறாடா. கொஞ்சம் நிறுத்து."

பதிலுக்குக் காத்திருந்தாள். கேட்டுக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பினாள். இத்தனை நாளும் இருந்த களை அந்த முகத்தில் இல்லை.

"நிறுத்த முடியலையாம்டி. பிரேக்கெல்லாம் வண்டியோட போயிடுச்சாம்."

மகள் ஓடினாள். கையை நீட்டினாள். காற்று விரல்களில் அறைந்தது. சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. கறை இருந்த இடத்திலேயே. அம்மா மட்டும் சிறுத்தாள். குழந்தை அளவு. கை அளவு. நீண்ட சாலையின் கடைசியில் போகும் வண்டியைப்போல விரல் அளவு.

அவ்வளவு சிறுத்த பிறகும், திரும்பித் திரும்பிப் பார்த்து அவள் கையசைப்பது தெரிந்தது.