நூற்றுப் பதின்மூன்று சாட்சிகள்

செவ்வாயின் நான்காம் குமிழூரில் பிணத்தை மூன்றாம் நாள் தோட்டத்துறை எடுத்துக்கொண்டு போய்விடும். அடுத்த மாதம் அது கத்தரிச் செடிக்கு உரம். யாரும் முகம் சுளிப்பதில்லை. பதிலுக்கு அரசு ஒரு நிழலுருவைத் தருகிறதே! இறந்தவரைப் போலவே பேசி, நடமாடி, வீட்டோடு இருக்கும் ஒளியுருவம்.

அதைச் செய்ய உறவினரின் நினைவுகள் வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எல்லோர் காதுக்குப் பின்னாலும் பதித்த நினைவு வில்லையிலிருந்து இறந்தவரைப் பற்றிய அத்தனையையும் இயந்திரம் உருவி எடுக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும். தேறியதை மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி திருப்பி வைக்கும். ஒரே மனிதரைப் பற்றிக் குடும்பத்துக்குள் இரண்டுவிதமான பேச்சு வரக்கூடாது என்பது சட்டம். சண்டை போட்டே பூமியைக் காலி செய்தவர்கள் போட்ட சட்டம் அது.

தேன்மலர் தன் தாய்மாமன் பொன்னுரங்கத்துக்காக விண்ணப்பித்தாள். பெற்றோர் சுரங்க விபத்தில் போன பிறகு, நான்கு வயதிலிருந்து அவளை வளர்த்தவர் அவர்தான். காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் வேலை. வேலை முடிந்து வந்ததும் ஊறுகாய்ப் புட்டியின் மூடியை நக்குவார். அவள் திட்டினால் சிரிப்பார். பாட்டு என்றால் எல்லாமே ஒரே ராகம். கடைசி ஆறு வருடம் செந்தூசி நுரையீரலை அடைத்து, பேசுவதற்கே மூச்சு வாங்கியது. அந்த மூச்சிலும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்காமல் தூங்கியதில்லை. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

நிழலுரு செய்து தரும் நினைவகத்தில் இருந்த எந்திர எழுத்தர் சொன்னது: "உங்கள் ஒருவரின் நினைவே போதும், அம்மா."

கூட வந்திருந்த சித்தி அமுதவல்லி விடவில்லை. "அதெப்படி? ஒருத்தருக்குச் சொல்லி ஒருத்தருக்குச் சொல்லாம விட்டா நாளைக்கு எங்க மூஞ்சில முழிப்பாங்களா? எழவுக்கு வந்த அத்தனை பேருக்கும் சொல்லியாகணும்."

"பலர் தந்தால், பலரும் ஒன்றுபோல் கண்டதை மட்டுமே இயந்திரம் உண்மை என்று ஏற்கும். ஒருவர் மட்டும் கண்டது கற்பனை என்று கழிக்கப்படும்."

"நாங்க என்ன பொய்யா சொல்லப்போறோம்? ஏம்மா தேனு, நீயே சொல்லு."

தேன்மலர் தயங்கினாள். மாமாவை விட்டுக்கொடுத்ததாக யாரும் பேசிவிடக் கூடாது. அதோடு, எத்தனை பேர் தந்தால் மாமா அத்தனை முழுதாக வருவார் என்றும் தோன்றியது. "எல்லாருக்கும் சொல்லிடலாம் சித்தி" என்றாள்.

நூற்றுப் பதின்மூன்று பேர் தந்தார்கள். தேன்மலர் நூற்றுப் பதினான்காவது.

பத்தாம் நாள் எல்லோருக்கும் நினைவைத் திருப்பி வைத்துவிட்டு நிழலுருவைத் திறந்தார்கள். கூடம் நிறைய உறவு. ஒளி கூடி, உருவமானது. பொன்னுரங்கம் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. நெஞ்சில் மாலைகள். கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"அச்சு அசலா இருக்காரே!" என்று சித்தி வாய்விட்டு அழுதாள். "எங்க அண்ணன் அப்படியே இருக்காரே!" எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாலை வாங்கி வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குமிழிரயிலில் நாற்பது நிமிடத் தொலைவு. வில்லை பதித்த இருபத்திரண்டு வருடத்தில், அவர் மூச்சு வாங்கிக் கிடந்த ஆறு வருடத்தில்கூட, ஒருவருக்கும் வர வாய்க்கவில்லை. சாவுக்கு மட்டும் அன்று காலையிலேயே ஒருவர் பாக்கியில்லாமல் வந்து, மாலை போட்டு, நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தேன்மலரும் மாமாவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் குறையாக எதுவும் தெரியவில்லை. மாமா என்றால் இப்படித்தான்.

எழுத்தர் அறிக்கை வாசித்தது: "நூற்றுப் பதின்மூன்று நினைவுகள் முழுமையாகப் பொருந்தின. ஒன்றில் மட்டும் இவர் நடந்தார், சிரித்தார், பாடினார், ஊறுகாய் தின்றார். இருபத்திரண்டு வருட அளவு. எல்லாம் கழிக்கப்பட்டது."

தேன்மலருக்குக் கோபம் வந்தது.

"செத்துப்போன மனுஷனைப் பத்தி இப்படி இல்லாததையும் பொல்லாததையும் சொன்னது யாருங்க?"