விங்கோவின் பெயரில் ஒரு புழு

நேற்று எண்பத்து நான்கு கணு இருந்தது. இன்று எண்பத்தாறு. துன்யா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துக் கசக்கிக்கொண்டு, ஊசி முனையால் தலையிலிருந்து மறுபடி எண்ணினாள். எண்பத்தாறேதான். மூன்று வாரமாக ஆல்கஹாலில் செத்துக் கிடக்கும் கடற்புழு ஒரே ராத்திரியில் வளர்ந்திருந்தது.

தெற்குக் காற்று நான்காம் நாளாக வீசியது. உப்புப் படிந்து மங்கிய சன்னல்களால் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்த அந்தக் கடலாய்வு அறையில், நூற்றுக்கணக்கான புட்டிகளின் மூடிக்கடியிலிருந்து கசியும் நெடியும், கீழே யாரோ மத்தி மீன் வாட்டும் வாசனையும், எங்கோ ஒரு கதவு ஓயாமல் அடித்துக்கொள்ளும் ஓசையும் சேர்ந்து அவளுக்குத் தலை கனத்தது.

இருபத்தாறு வருடத்தில் அவள் கண்டுபிடித்த முள்மயிர்ப் புழுக்கள் ஒன்பது. ஒன்பது கட்டுரையிலும் முதல் பெயர் இயக்குநர் விங்கோவுடையது. சேற்றில் விரல் வைக்காத மனிதர். பத்தாவதையாவது அவர் தொடக்கூடாது. ஒரு உயிருக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதைப் போல வெட்கக்கேடு இந்தத் தொழிலில் கிடையாது. அதனால் புழுவுக்கு அவர் பெயரையே வைத்து, பென்சிலால் சீட்டெழுதி, நேற்றுப் புட்டிக்குள் போட்டாள். இனி கட்டுரையில் அவர் எப்படி நுழைவார்? கண்ணில்லாத புழு. அடுத்தவர் தோண்டிய வளையில் குடியிருக்கும் ரகம்.

"இவ்ளோ பாசமா எம்மேல? தெரியாமப் போச்சே," என்றார் விங்கோ நேற்று அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

புதன்கிழமை தொண்ணூறு. வியாழன் நூற்று மூன்று. விங்கோ முதுகுவலி என்று லீவில் இருந்தார்.  துன்யாவுக்குப் புட்டியைத் தொடவே கை கூசியது.

வெள்ளிக்கிழமை மதியம் விங்கோ வந்தார். கழுத்து வரை கோட்டைப் போர்த்தி, நிலையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"பேரை எடுத்துடு, துன்யா."

"ஏன்?"

"முந்தாநாள் காலைல ஒரு எக்ஸ்ரே. நேத்து காலைல ஒண்ணு. நடுவுல முதுகெலும்பு கூடியிருக்குன்னு டாக்டர் சொல்றார். மூணு தடவ எண்ணிட்டாராம்."

"எத்தன கூடியிருக்கு?"

"பதிமூணு."

அவள் புட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தொண்ணூறிலிருந்து நூற்று மூன்று.

திரையில் கட்டுரை கடைசி ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அச்சேறிவிட்டால் பெயரை யாராலும் மாற்ற முடியாது. இப்போதே எடுத்துவிட்டால் பத்தாவதும் அவருடையது.

"முதல் பேரு உன்னோடதாவே இருக்கட்டும். சத்தியமா."

ஏழாவது புழுவுக்கும் இதே சத்தியத்தைத்தான் செய்தார். பயத்தையும் மீறி அந்தப் பழைய கசப்புதான் வென்றது.  ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.

விங்கோ வாய் திறந்தார்.  கோட்டுக்குள் சரசரப்பு. காய்ந்த வைக்கோல் மாதிரி. கோட்டு நழுவியது.

சட்டையின் இரு பக்கமும் கிழிந்திருந்தது. வரிசை வரிசையாக முள்மயிர். ஈரமாக. விரிந்தது. மடங்கியது. அவர் ஒரு அடி உள்ளே வந்தார். இன்னொரு அடி. சரசரப்பு நிற்கவில்லை.

அவருடைய மீதி இன்னும் படியேறி வந்துகொண்டிருந்தது.