ஒரு தட்டு என்றால் சம்மதம்

டெல்ஃபின் காரை நிறுத்தியபோது தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. ஆனால் அக்ரன் நகரில் டிசம்பர் மாத இருட்டு விளக்குக்காகக் காத்திருப்பதில்லை; ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பனி உருகி மறுபடி உறைந்து, நடைபாதை வழுவழுவென்று கிடந்தது. ஷூவுக்குள் கால்விரல்கள் மரத்துப் போயிருந்தன. அன்று அவள் தட்டிய கதவுகளில் ஒன்று திறக்கவேயில்லை. ஒன்று திறந்து, அவள் பெயரைச் சொல்வதற்குள் மூடிக்கொண்டது. இன்னொன்றில் நாய் மட்டும் பேசியது.

இது கடைசி. இதோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

மாடியோடு கூடிய பழைய மரவீடு. வெள்ளைச் சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. வாசற்படியில் பனி உருக உப்பு தூவியிருந்ததால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது.

கடன் கட்ட முடியாமல் வங்கி வழக்குப் போட்ட வீடுகளை, ஏலத்துக்கு வருவதற்கு முன் தேடிப் போவதுதான் அவள் தொழில். சொந்தக்காரரிடம் விலை பேசி ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தை, கையில் பணம் வைத்திருக்கும் ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும். நடுவில் அவளுக்கு ஒரு தொகை. இதெல்லாம் வார இறுதி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. வசந்தத்தில் தொடங்கியவள், இதுவரை ஒன்றைக்கூட முடித்ததில்லை.

"வீட்டை வாங்காமலே விக்கிற வேலை. சம்பளமும் அப்படித்தான், வராமலே செலவாகுது," என்பான் கணவன் ராஸ்கோ. சிரித்துக்கொண்டுதான் சொல்வான். பிறகு விடியுமுன் எழுந்து, பனி தள்ளும் லாரியை ஓட்டப் போவான்.

கிறிஸ்துமஸுக்குள் ஒன்றாவது முடியாவிட்டால், முதியோர் இல்லத்தின் இரவு வேலைக்கே திரும்பிவிடுவதாக அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் பகலில், அவள் இரவில். ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கிய வருஷங்கள் அவை. ஒருவர் விட்டுப்போன சூட்டில்தான் இன்னொருவர் படுத்தார். அதை நினைத்தாலே அவளுக்கு அசதியாக இருந்தது.

அழைப்புமணி வேலை செய்யவில்லை. தட்டினாள்.

கதவைத் திறந்தவர் எமில் ஹுடாக். டயர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர் என்பது அவளுக்குப் பிறகு தெரிந்தது. தோளில் கம்பளி, கையில் காபிக் கோப்பை. அவருக்குப் பின்னாலிருந்து தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது.

"எதாவது விக்க வந்தியா?"

"இல்லீங்க ஐயா. வாங்க வந்தேன்."

"இந்த ஷூவைப் போட்டுக்கிட்டா? உள்ள வா பொண்ணே, உறைஞ்சு போயிடுவ."

காபி கசந்தது. ஆனாலும் சூடாக இருந்தது. அவள் சொன்னதையெல்லாம் அவர் குறுக்கிடாமல் கேட்டார். டொலிடோ நகரில் இருக்கும் அக்கா வில்மா தன்னோடு வந்துவிடும்படி கூப்பிடுவதாகச் சொன்னார். போனால் நிம்மதிதான் என்றார்.

டெல்ஃபின் வகுப்பில் கற்ற கேள்வியை மறக்காமல் கேட்டாள். ஒஹையோவில் வீடு கணவன் பேரில் மட்டும் இருந்தாலும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கேட்காமல் விட்டவர்களின் பேரமெல்லாம் கடைசி நேரத்தில் கவிழ்ந்ததாக ஆசிரியர் பயமுறுத்தியிருந்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

"ஆகாம? இர்மா. மேலதான் இருக்கா."

"அப்ப அவங்களும் சம்மதிக்கணும்."

அவர் பெருமூச்சு விட்டார். "அங்கதான் சிக்கலே. மூட்டுவலி வந்ததுலேருந்து அவ படி இறங்குறதில்ல. கைத்தடியாலதான் பேச்சு. ஒரு தட்டுன்னா சரி. ரெண்டு தட்டுன்னா முடியாது. நீயே கேட்டுப் பாரு."

டெல்ஃபின் படிக்கட்டின் அடியில் போய் நின்றாள். மேலே விளக்கு இல்லை. தைல வாசனை அங்கே அதிகமாக இருந்தது.

"மிஸஸ் ஹுடாக்? வணக்கம்மா. வீட்டை விக்கிறதப் பத்திப் பேசலாங்களா?"

டொக். டொக்.

"பாத்தியா?" என்றார் எமில். அவர் குரலில் அலுப்போடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் விடவில்லை. அடுத்த மாலையும் போனாள். அதற்கடுத்த முறை வாழைப்பழ ரொட்டி செய்து எடுத்துப் போனாள். "ஏலம் விட்டா உங்க ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திடுவாங்கம்மா," என்று இருட்டை நோக்கிச் சொன்னாள். டொக், டொக். எமில் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லாருக்கு. ஆனா அவளுக்கு லஞ்சம் குடுத்தெல்லாம் வேலை ஆகாது," என்றார்.

இன்னொரு நாள், நாலைந்து வீடு அலைந்த பிறகு வந்தவளுக்கு நிற்கக்கூடத் தெம்பு இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தில், தூங்காத கிழவிகளிடம் பேசிய குரல் அவளுக்குத் தானாக வந்தது.

"எங்க போறதுன்னு பயமா இருக்காம்மா? நான் இடம் பாத்துத் தரேன். தெருவுல விடமாட்டேன். இனிமே நீங்க என் பொறுப்பு."

இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

டொக்.

இரண்டாவது தட்டு வரவில்லை.

எமில் கோப்பையைக் கீழே வைத்தார். "அவ சரின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல," என்றார். அப்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவியின் கையெழுத்தைப் பத்திர அலுவலகத்தார் நேரில் வந்து படுக்கையருகிலேயே வாங்கிக்கொள்வார்கள் என்று டெல்ஃபின் சொன்னாள். அவர் கோப்பைகளைக் கழுவ எடுத்துப் போனார்.

அந்த அலுவலகத்திலிருந்து ஜோலீன் கூப்பிட்டபோது டெல்ஃபின் காரில் இருந்தாள்.

"உனக்கு நல்ல சேதி. ஹுடாக் வீட்டுக்கு மனைவி கையெழுத்து வேணாம்."

"ஏன்?"

"அந்தம்மா செத்தே வருஷக்கணக்காச்சு. இறப்புச் சான்றிதழ் நகல் மட்டும் வாங்கிட்டு வந்துடு. வேலை சுலபமாயிடுச்சுல்ல?"

டெல்ஃபின் ஓரமாக நிறுத்தினாள். கார் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

அப்படியானால் மாடியில் யாரோ இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவரோ, ஒளிந்திருக்கும் உறவினரோ. காலி செய்ய மறுக்கும் ஓர் ஆள் போதும், வாங்க வந்தவர் ஓடிவிடுவார். தன்னைத் தைரியப்படுத்திக்கொள்ள அவள் இதையே யோசித்துக்கொண்டு போனாள்.

எமில் சமையலறையில் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மேல யாரு இருக்கா?"

"இர்மா."

"அவங்க இறந்துட்டாங்க."

"எனக்குத் தெரியாதா? நான்தானே அடக்கம் பண்ணேன்."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலியே இல்லாத முகம். "கல்யாணம் ஆயிடுச்சான்னுதானே கேட்ட?"

அவள் கைப்பேசி வெளிச்சத்தோடு படியேறினாள். ஒவ்வொரு படியும் முனகியது. மேலே ஓர் அறைதான் திறந்திருந்தது. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அலமாரியைத் திறந்தாள். வெறும் கொக்கிகள். கைத்தடி எங்கும் இல்லை.

ஆள் இருந்தால் மூச்சாவது கேட்கும். எதுவும் கேட்கவில்லை.

தரையில் விரல் அழுந்தும் அளவுக்குத் தூசி. அவள் நடந்து வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. வேறு காலடித் தடமே இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் வட்ட வட்டமாகச் சில அடையாளங்கள்.

கைத்தடியின் ரப்பர் முனை அழுந்திய வட்டங்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வட்டம் விழுந்தது.

சத்தமில்லாமல்.

பிறகு ஒன்று, சற்று இந்தப் பக்கமாக. பிறகு இன்னொன்று. நிதானமாக, வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு நடப்பவரைப் போல.

அவள் ஷூ முனைக்கு எதிரில் அது நின்றது.

தைல வாசனை முகத்தில் பட்டது. யாரோ மிக அருகில் குனிந்து பார்ப்பது போல இருந்தது.

"இர்மாம்மா... நீங்களா?"

டொக்.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. எமில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க அக்கா வீட்டுக்குப் போறப்ப அவங்களும் உங்ககூட வருவாங்கள்ல?" என்று கேட்டாள்.

"வில்மா வீட்டுக்கா? சரியாப் போச்சு. எங்க கல்யாணக் கேக்கை உப்புன்னு சொன்னவ வில்மா. அன்னிக்கு நின்ன பேச்சு. செத்தாலும் அந்த வாசல் மிதிக்கமாட்டேன்னா இர்மா. மிதிக்கமாட்டா." அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "போக இடமில்லாமத்தான் இத்தனை நாளும் முடியாதுன்னா. இவள விட்டுட்டு நான் எப்படிப் போறது? நீ இடம் தரேன்னு சொன்ன."

"நான்... அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

மேலே எதுவும் அசையவில்லை. ஆனால் வீடு முழுதும் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிழித்துப்போட்டிருக்கலாம். ஒப்பந்தம் அவள் பையில்தான் இருந்தது. ஆனால் கட்டிலில் ராஸ்கோ விட்டுப்போகும் அந்த ஆறிய சூடு நினைவுக்கு வந்தது. எமிலுடைய பாதி கட்டிய பெட்டியைப் பார்த்தாள். சான்றிதழ் நகலை வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே எல்லாம் முடிந்தது. புறப்படும் நாளில் எமில் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். முன்பைவிட இளைத்து, ஆனால் லேசாகி நின்றார்.

"சத்தம் போட்டா கோவிச்சுக்காத பொண்ணே. ரொம்பக் களைச்சுப் போனவ."

திரும்பும் வழியில் அவள் காரின் கண்ணாடியைத் திறந்தே வைத்து ஓட்டினாள். குளிர் காற்று காதை அறுத்தது. பின் இருக்கையிலிருந்து வந்த வாசனை போகவில்லை.

அன்று மாலை ராஸ்கோ சீக்கிரம் வந்துவிட்டான். கோழி சூப்பும் ரொட்டியும் வைத்து, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவன் முழங்கால் அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இனிமே ராத்திரி வேலை கிடையாது. வீட்டை வாங்காமலே வித்துக் காட்டிட்டா என் பெண்டாட்டி!" என்று கரண்டியை உயர்த்தினான். "சரிதானே?"

டொக்.

அவர்கள் குடியிருந்தது கட்டடத்தின் கடைசி மாடி. அதற்கு மேல் பனி மூடிய கூரைதான்.

ராஸ்கோ அண்ணாந்து பார்த்தான். "யாரு டெல் அது? கூரையிலயும் பனி தள்ள ஆளு போட்டுட்டாங்களா?"

சூப்பின் ஆவிக்குள் தைல வாசனை கலந்து வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே ராஸ்கோ சிரித்துக்கொண்டு கூரையை நோக்கிக் குரல் கொடுத்தான்.

"மேல யாருங்க? சாப்பிட்டாச்சா?"

டொக். டொக்.