பத்து லோடு மண்

செல்போன் அலறியது.

காலை ஏழரை மணி. திருவிடந்தையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த தன் வீட்டு வாசலில் பெஞ்சமின் கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தான். எட்டு வயது மகள் ரூத் கூடையோடு முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் 'வைஷாலி மேடம்' என்று மின்னியது.

கூடுவாஞ்சேரியில் காற்றையும் மண்ணையும் சோதிக்கிற ஒரு தனியார் லேபின் விஞ்ஞானி வைஷாலி. அவள் கணக்குப் போடுவாள், பெஞ்சமின் வெயிலில் ஏணி ஏறுவான். பத்து வருஷமாக இதுதான் ஏற்பாடு.

"பெஞ்சமின், எங்க இருக்கீங்க?"

"வூட்லதான் மேடம்."

"உடனே கிளம்பி மேல்கழனி போலீஸ் ஸ்டேஷனுக்கு வாங்க. நம்ம ஏழாம் நம்பர் கிண்ணம் தொங்குதே, அந்தக் கம்பத்துக்குக் கீழ..."

"கீழ... இன்னா மேடம்?"

"ஒரு டெட் பாடி!"

பெஞ்சமினின் கையிலிருந்த குருணை மொத்தமும் காலடியில் கொட்டியது. கோழிகளுக்கு அன்றைக்கு விருந்து.

"யாரு மேடம்?"

"யார்டு வாட்ச்மேன். பூபாலன்."

யாரென்று பெஞ்சமினுக்குக் கேட்பதற்கு முன்பே தெரியும்!

* * *

பைக் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே பறந்தது. கத்திரி வெயில் ஹெல்மெட்டுக்குள் புகுந்து மண்டையைப் பதம் பார்த்தது. வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்றைய பகல்தான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

அச்சரப்பாக்கம் தாண்டி மேல்கழனி. அங்கே கேசவனின் பழைய இரும்பு யார்டு. காலாவதியான டிரான்ஸ்பார்மர்களைப் பிளந்து, எண்ணெயைத் தரையில் வடியவிட்டு, ஒயர்களைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற இடம். அந்த எண்ணெயில் இருக்கும் விஷம் லேசில் அழியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மாவட்டம் முழுக்கப் பன்னிரண்டு ஸ்டீல் கிண்ணங்களைத் தொங்கவிட்டிருந்தாள் வைஷாலி. ஒவ்வொன்றுக்குள்ளும் வட்டமாக ஒரு ஸ்பாஞ்சு. மூன்று மாதம் காற்று குடிக்கும். அப்புறம் லேபில் அதைப் பிழிந்தால், காற்று எதைச் சுமந்து வந்தது என்று கக்கிவிடும்.

ஏழாம் நம்பர், யார்டுக்குள்ளேயே. அதைக் கழற்றி மாட்டுவது பெஞ்சமினின் வேலை.

கழற்றினான். ஆனால் லேபுக்குக் கொடுத்தது வேறு!

தன் வீட்டு மொட்டை மாடியில் மூன்று மாதம் தொங்கிய வேறொரு ஸ்பாஞ்சை ஜாடியில் போட்டு, ஏழு என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தான். கடல் காற்று சுத்தமானது. ரிசல்ட்டும் சுத்தமாக வரும். கேசவன் நிம்மதியாகத் தூங்குவான். பிப்ரவரியில் ஒரு முறை செய்தாகிவிட்டது. நேற்று இரண்டாம் முறை.

நேற்று அமாவாசை. யார்டுக்கு லீவு. பதினொன்றரை மணிக்கு நிஜ ஸ்பாஞ்சைக் கழற்றிக் கேசவன் கையில் கொடுத்தபோது, தகரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து பூபாலன் வந்து நின்றான்.

"இன்னா அண்ணாத்த நடக்குது இங்க? நானு நாலு வருஷமா இருமிகினு கீறேன். இந்தப் பஞ்சு பேசும், யார்ட மூடுவாங்கன்னு அந்த மேடம் சொல்லிச்சு. அத்த இவருகிட்ட குடுக்கிற?"

கேசவன், "நீ கெளம்பு பெஞ்சமினு" என்றான்.

அவன் கிளம்பினான். மாட்ட வேண்டிய புது ஸ்பாஞ்சைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கிண்ணத்தைக்கூட மூடாமல் கிளம்பினான். கேட் அருகில் பைக்கை உதைக்கும்போது முதுகுக்குப் பின்னால் கூச்சல். அப்புறம் ஒரு குரல்.

"பெஞ்சமினு... போவாதப்பா!"

அவன் போய்விட்டான்!

* * *

போன மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நின்ற மேல்கழனி ஸ்டேஷன், இப்போது ஜம்மென்று மேட்டில் நின்றது. வாசலில் முருங்கை, கத்தரி, பச்சை மிளகாய் என்று ஒரு குட்டித் தோட்டம். கான்ஸ்டபிள் தாமோதரன் வாளியும் கையுமாக அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் ரேணுகா. குரலிலேயே லத்தி வைத்திருக்கும் அம்மாள்.

ஒரு பெஞ்சில் வைஷாலி. எதிர் நாற்காலியில் கேசவன், வெள்ளைச் சட்டையில், கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வந்ததா என்று அந்தக் கர்ச்சீப்பைத்தான் கேட்க வேண்டும்.

"நீதான் கிண்ணத்துக்காரனா? உக்காரு" என்றாள் ரேணுகா. "பூபாலன். மண்டையில இரும்புக் கம்பியால ஒரே அடி. நேத்து பகல் பதினொன்னுலேர்ந்து ஒண்ணுக்குள்ள. கம்பத்துல கிண்ணம் தொறந்து கெடக்குது. நீ எத்தினி மணிக்கு அங்க போன?"

"ஒம்போது மணிக்கு மேடம்."

"புதுசு மாட்டினியா?"

"மாட்டினேன்."

பொய் சொன்னவனின் மடியில்தான் பை இருந்தது. அந்தப் பைக்குள்தான் மாட்டப்படாத ஸ்பாஞ்சு இருந்தது. பெஞ்சமின் பையை இறுக்கி அணைத்துக்கொண்டான்.

ரேணுகா மேஜையைத் தட்டினாள். "அப்போ அத எடுத்துகினு போனவன் எவனோ, அவன்தான் கொலகாரன்!"

கேசவன் தலையாட்டினான். "நானு நேத்து காலைலேர்ந்து கூடுவாஞ்சேரிலதான் மேடம். மச்சினிக்கு வளகாப்பு. யார்டு பக்கமே வரல. பாவம், விசுவாசமான ஆளு மேடம்..."

கேசவன் அங்கே இருந்ததைப் பார்த்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் வாயைத் திறந்தால் வேலை போகும், பேர் போகும், கையில் விலங்கு ஏறினாலும் ஏறும். திறக்காவிட்டால் கேசவன் இப்படியே எழுந்து, வெள்ளைச் சட்டை கசங்காமல் வீட்டுக்குப் போவான்.

பெஞ்சமின் வாயைத் திறக்கவில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது வைஷாலி பேசினாள்.

"மேடம், இன்னொரு விஷயம். பிப்ரவரில எடுத்த ஸ்பாஞ்சோட ரிசல்ட் இன்னிக்குக் காலைலதான் வந்துச்சு. பன்னண்டுலயும் ஏழாம் நம்பர்தான் உச்சம். மத்த இடத்தவிட இருபது மடங்கு விஷம்! இது ஒண்ணு போதும், யார்ட மூட வெச்சிடலாம்."

கேசவனின் கர்ச்சீப் பாதி வழியில் நின்றது. அவன் பார்வை பாய்ந்து பெஞ்சமினைக் குத்தியது. 'துரோகி!'

பெஞ்சமினுக்கோ காது அடைத்துக்கொண்டது.

இருபது மடங்கா? ஏழாம் நம்பரா?

அது யார்டு ஸ்பாஞ்சு இல்லையே. என் வீட்டு மாடியில் தொங்கியதாயிற்றே!

"மேடம்... அந்த மெஷினு தப்பா காட்டியிருக்குமா?"

"மூணு தடவை ஓட்டிட்டேன் பெஞ்சமின். ஆனா ஒண்ணுதான் புரியல. உங்க ஊர்க் கடற்கரைல இருக்கற பன்னண்டாம் நம்பரும் ஏறியிருக்கு. அங்க யார்டே கிடையாதே!"

சாத்தான் பெஞ்சமினின் காதோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. 'பேசாம இருடா. ஃபிராடு ஸ்பாஞ்சே யார்ட மூடிடும். உன் வேலையும் தங்கிடும். யாருக்கு நஷ்டம்?'

யாருக்கு நஷ்டம்?

முட்டைக் கூடையோடு ரூத் வந்து அவன் மனசுக்குள் நின்றாள். அவளுக்குப் பின்னால் இருமிக்கொண்டே ஒரு வாட்ச்மேன். 'போவாதப்பா!'

பெஞ்சமின் எழுந்தான். பையைத் திறந்தான். புது ஸ்பாஞ்சை எடுத்து ரேணுகாவின் மேஜைமேல் வைத்தான்.

"நானு மாட்டல மேடம். ஒம்போது மணிக்கும் போவல, பதினொன்னரைக்குப் போனேன். பழசக் கழட்டி இவரு கையிலதான் குடுத்தேன். பூபாலன் பார்த்துட்டான், சண்டை வந்துச்சு. என்னைக் கூப்பிட்டான் மேடம். பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நானு... திரும்பிக்கூடப் பார்க்கல!"

வைஷாலியின் முகம் செத்துப்போனது. "அப்ப எங்கிட்ட குடுத்தது?"

"ரெண்டு தடவையும் என் வூட்டு மாடில தொங்கினது மேடம். மன்னிச்சிக்கன்னு கேக்கக்கூட எனக்கு மூஞ்சி இல்ல."

"பத்து வருஷம் பெஞ்சமின்..." என்றாள் அவள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கேசவன் சிரித்தான். "ஃபிராடு பண்ணேன்னு அவனே சொல்றான். இவன் பேச்ச எவன் நம்புவான்? சாட்சி இன்னா கீது?"

ரேணுகா அவனைப் பார்க்காமலே குரல் கொடுத்தாள். "தாமோதரா! வெளிய நிக்கிற இவரு வெள்ளக் காரத் தொறந்து பாரு."

இரண்டு நிமிஷம். தாமோதரன் கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு வந்தார். வட்டமாக, சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு. ஒரு ஓரம் மட்டும் காய்ந்த கரும்சிவப்பு!

"டிரைவர் கதவு இடுக்குல சொருகி இருந்திச்சு மேடம். கண்ணாடி தொடைக்கிற துணியோட."

"காரியம் முடிச்சதும் கைய இதுலயே தொடச்சிக்கினியா?" என்றாள் ரேணுகா. "தூக்கிப் போட்டிருக்கலாமேய்யா!"

கேசவனின் தலை தொங்கியது. "நல்ல ஸ்பாஞ்சு மேடம். காரு தொடைக்க ஆவும்னு... போட மனசு வரல."

கொலை செய்யத் துணிந்த கை, ஒரு ஸ்பாஞ்சை வீணாக்கத் துணியவில்லை. விலங்கு க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது.

வைஷாலி மட்டும் அசையாமல் பெஞ்சமினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல எப்படி இருபது மடங்கு? மாடில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். துணி காயவெக்கிற கொடிதான்."

"கீழ?"

"கோழி கீது. மண்ணுதான்..."

சொல்லிவிட்டு நிறுத்தினான்.

"எந்த மண்ணு?"

"வூடு பள்ளத்துல மேடம். மழை வந்தா பாப்பா கட்டில் மேலயே உக்காந்துகினு இருப்பா. அக்டோபர்ல இவருதான் பத்து லோடு மண்ணு அடிச்சு மேடு பண்ணிக் குடுத்தாரு. அதுக்குத்தான்... அதுக்குத்தான் நானு ஸ்பாஞ்ச மாத்தினேன்."

"எந்த எடத்து மண்ணுய்யா?" ரேணுகா கேசவனின் காலரைப் பிடித்தாள்.

கேசவன் தரையைப் பார்த்தே சொன்னான். "யார்டு மண்ணுதான். எண்ணெ ஊறி மேல் மண்ணு வீணாப் பூடுச்சு. எங்கியாச்சும் கொட்டணுமில்ல?"

வைஷாலி நெற்றியில் கை வைத்தாள். "வெயில் ஏற ஏற அந்த மண்ணு மூச்சு விடும் பெஞ்சமின். விஷம் கெளம்பி உங்க ஸ்பாஞ்சுல ஏறும். மழை பெஞ்சா கரைஞ்சு கடலுக்குப் போகும். கடல் சூடானா திரும்பக் காத்துல எழுந்து கரைக்கு வரும். பன்னண்டாம் நம்பர் ஏன் ஏறிச்சுன்னு இப்பத்தான் புரியுது! கோழி அந்த மண்ணைக் கிளறும். முட்டை..."

பெஞ்சமின் மனைவியை அழைக்கச் செல்போனை எடுத்தான். இரண்டு முறை தப்பான நம்பர் விழுந்தது.

"ரெஜினா! பாப்பாவுக்கு முட்ட குடுத்துட்டியா?"

"இப்பதான் துண்ணா. ஏன்?"

"இனிமே வாணாம். ஒண்ணுகூட வாணாம். அவள மண்ணுல வெளையாட வுடாத. உங்கம்மா வூட்டுக்கு இட்டுகினு போ."

"இன்னா ஆச்சுய்யா?"

"நானு வந்து சொல்றேன்... நானேதான் சொல்லணும்." வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அழுவதை அங்கிருந்த யாரிடமும் காட்ட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உடனே பாப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். நான் ஏற்பாடு பண்றேன்" என்றாள் வைஷாலி. "இந்த ஸ்பாஞ்சுல ரத்தம் படாத பக்கத்தை நான் டெஸ்ட் பண்றேன். நிஜ ஏழாம் நம்பர் இப்பத்தானே கைக்கு வந்திருக்கு."

ரேணுகாவுக்கு ரத்தம் கொதித்தது. "தடயத்த லாரில ஏத்தி டோர் டெலிவரி பண்ணியிருக்கான் பாரு! ஏம்மேன் பெஞ்சமினு, ஓசில மண்ணு குடுக்கறான்னா எங்கேர்ந்து வருதுன்னு கேக்க மாட்ட? வெட்கமா இல்ல? தாமோதரா, எழுதிக்க. பத்து லோடு, பெஞ்சமின் வூடு. வேற எங்கெங்கடா கொட்டின?"

கேசவன் மெதுவாகத் தலையைத் திருப்பி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

எல்லோரும் பார்த்தார்கள்.

ஜம்மென்ற மேடு. முருங்கை. கத்தரி. பச்சை மிளகாய்.

"போன நவம்பர்ல நீங்கதானே மேடம் கேட்டீங்க..." என்றான் கேசவன். "பதினஞ்சு லோடு."

ரேணுகா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். பெஞ்சமினின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"எழுதிக்க தாமோதரா" என்றாள், லத்தி இல்லாத குரலில். "பதினஞ்சு லோடு, மேல்கழனி ஸ்டேஷன். கேட்டு வாங்குனது, இன்ஸ்பெக்டர் ரேணுகா. தோட்டத்துல இருக்கறது பூரா தடயம். சீல் வெச்சிடு."

தாமோதரன் பேனாவோடு தயங்கினார்.

"மேடம்... ஆறு மாசமா தெனம் ஒரு கட்டு முருங்கக்கீர வூட்டுக்கு எடுத்துகினு போனீங்களே... அது?"

ரேணுகா வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"அரக்கு மிச்சம் இருந்தா, எனக்கும் ஒரு சீல் வெச்சிடுய்யா!"