கதூர் கொடுத்த கேரட்

திங்கள் காலை 7.40. பூஷைபின் வேட்டைநாய் ரீஹ் முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. முயலை ஒரே மூச்சில் துரத்திப் பிடிக்கிற ஸ்லூகி இனம் அது. இப்போது தலையைத் தூக்கவும் தெம்பில்லை. பக்கத்தில் பாதி கடித்த கேரட் ஒன்று.

8.30. கால்நடை மருத்துவர் கிஸ்லான் வந்து சேர்வதற்குள் அடிதடியே முடிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கதூரின் நெற்றியில் ரத்தம். பூஷைபின் கையில் கழி. போலீசுக்கும் ஆள் போயாயிற்று.

"இவன் விஷம் வெச்சுட்டான் டாக்டரம்மா. காலைல கேரட் கொடுத்ததை என் கண்ணால பார்த்தேன்."

"தினமும்தான் கொடுக்கிறேன்," என்றார் கதூர். "கேரட், வெள்ளரி, பூசணி. என்னைக் கண்டா வாலாட்டிக்கிட்டு வருது, என்ன செய்ய?"

கிஸ்லான் நாயின் உதட்டை விலக்கினாள். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சுவரோரம் நாய் பெய்திருந்த மூத்திரம் காப்பி நிறம்.

"இந்த நிறத்துல எப்போலேர்ந்து போகுது?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

அவள் அந்தக் கேரட்டின் கடிபடாத முனையை ஒடித்து வாயில் போட்டு மென்றாள்.

"வெள்ளிக்கிழமை வீட்டுல என்ன சமையல்?"

"நாய் சாகக் கிடக்குது, நீங்க சமையலை விசாரிக்கிறீங்களே!"

அடுப்படி வாசலிலிருந்து பூஷைபின் மனைவி ரக்கியா சொன்னாள். "என்ன இருக்கும்? வெள்ளின்னா ரவையை ஆவியில வேக வெச்ச குஸ்குஸ்தான். வர்றேன்னு சொன்ன பத்துப் பேர் வரலை. மேலே போட வதக்கின வெங்காயம் அப்படியே மிஞ்சிடுச்சு."

"மிஞ்சினது எங்கே போச்சு?"

ரக்கியா புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான் வெச்சேன்," என்றார் பூஷைப். "ஸ்லூகியை நாங்க நாய்னு சொல்றதில்லை. வீட்டுக்குள்ள படுக்கும், நான் தின்னுறதைத் தின்னும். பச்சை வெங்காயம் ஆகாதுன்னு எனக்கும் தெரியும். இது தேன் விட்டு ரெண்டு மணி நேரம் வதக்கினது, காரமே கிடையாது."

"காரம் போகும், நஞ்சு போகாது. பூண்டும் அப்படித்தான். கேரட்டும் வெள்ளரியும் பூசணியும் நாயை ஒண்ணும் செய்யாது. நீங்க காலைல தின்னதைப் பார்த்தீங்க, வெள்ளிக்கிழமையை மறந்துட்டீங்க. வெங்காயம் தின்ன அன்னிக்கே காட்டாது. மூணு நாளா ரத்தத்தை உடைச்சு, அப்புறம்தான் சாய்க்கும். மூத்திரத்துல போனது அந்த ரத்தம்தான். இதைச் செஞ்சது நீங்கதான், பூஷைப்."

கழி கீழே விழுந்தது. "என் கையாலயா?" என்றார்.

"பொழைக்குமா?" ரக்கியாதான் கேட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள வேற ஒரு பெரிய நாயோட ரத்தம் ஏத்தினா பொழைக்கலாம். யார் வீட்டுல இருக்கு?"

அந்தச் சுற்றுவட்டாரத்தில் அத்தனை பெரிய நாய் ஒன்றே ஒன்று, கதூரின் தோட்டத்துக் காவல்நாய். பூஷைப் அப்படியே சரிந்து கதூரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

கதூர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என் காலை விடு. தோட்டத்துக்கு வந்து என் நாயோட காலைப் பிடி. ஊசி குத்தும்போது துள்ளும்."