போதும் என்று சொல்லும்வரை

நாரணாபுரத்தில் அந்த வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது உச்சி வெயில். வாங்க விற்கப் போகிற நேரமா இது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணுச்சாமி காதில் வாங்கினால்தானே. கார் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஆமத்தூரில் எங்களுக்குப் பருத்தி விளைகிற கரிசல் காடு உண்டு. காட்டைப் பார்க்கிற நேரத்தைவிட அவர் தன் பழைய அமெரிக்கக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். சோழவரத்தில் சண்டைக் காலத்து விமானத் தளத்தில் வருஷந்தோறும் கார் பந்தயம் நடக்கும். அதில் ஒன்று நேர் ஓட்டம். இரண்டு கார்களை அக்கம்பக்கமாக நிறுத்திக் கொடி அசைப்பார்கள். கோட்டை முதலில் தாண்டியவன் ஜெயித்தவன். அறுபத்தொன்றில் போய்த் தோற்றுவிட்டு வந்து, ஒரு வாரம் யாரோடும் பேசாமல் கிடந்தார்.

"கியர் மாத்துற நேரத்துல முந்திட்டாம் பேச்சி. இல்லன்னா என்னைப் பிடிக்க முடியுமா?"

கியர் தானாக மாறிக்கொள்கிற பெட்டி ஒன்று உண்டாம். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் வைத்திருந்த காரில் அது இருக்கிறது, அவர் காலமான பிறகு வண்டி சும்மா கிடக்கிறது என்று விருதுநகர் மெக்கானிக் சண்முகவேல் துப்புச் சொன்னார். அப்புறம் கேட்க வேண்டுமா?

முதலாளியின் மனைவி லட்சுமிகாந்தம் வெளியே வந்தார். "வாங்க தம்பி, வா தாயி. சாப்பிட்டீகளா?" என்று கேட்டாரே தவிர, படியை விட்டு இறங்கவில்லை.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. எங்களோடு வந்த சண்முகவேல் கியர் பெட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து மோந்து பார்த்தார். எண்ணெய் தீய்ந்த வாடை அடித்தால் பெட்டி போச்சு என்று அர்த்தமாம்.

"தீய்ஞ்ச வாடை இல்லண்ணே. வெடிமருந்து வாடைதான் அடிக்குது."

"நாரணாபுரத்துல மல்லிகைப்பூ வாசமா வரும்? கழட்டுலே," என்றார் இவர்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். பின்னால் டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கைத் தடங்கள் வெள்ளி வெள்ளியாக மின்னின. சுற்றிலும் அத்தனை தூசி படிந்திருக்க, அந்தத் தடங்கள் மட்டும் ஈரம் காயாத மாதிரி இருந்தன. வலது கையில் ஐந்து விரல். இடது கையில் மூன்று.

"தொடாதே தாயி," என்றார் லட்சுமிகாந்தம், படியில் நின்றபடியே.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கம்பெனி கேட்டுக்குள்ள எந்த வண்டியும் எஞ்சின் ஓட வரப்படாது. ஒரு பொறி போதுமே, அம்புட்டும் போயிரும். கேட்டுல அணைச்சிட்டுக் கையால தள்ளித்தான் உள்ள கொண்டாருவாக. பின்னால நிக்கிறவனுக்கு முன்னால ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்கிறவுக போதும்னு சொல்ற வரைக்கும் அவன் தள்ளிக்கிட்டே இருக்கணும். அதான் முறை."

"சரிங்கம்மா."

"அலுமினியத் தூள் சலிக்கிற சோணைமுத்துதான், இடக்கையில ரெண்டு விரல் போனவன், எப்பவும் தள்ளுவான். அன்னிக்கு வெளியூர்ல இருந்து ஆர்டர் குடுக்க ஆள் வந்திருந்தாக. இந்தப் பெட்டியில ஒரு பூட்டு இருக்காம். அதுல மாட்டியிருந்தா வண்டி அசையாது. வண்டி புதுசு, எங்க வீட்டுக்காரவுகளுக்கு அது தெரியல. வந்தவுக முன்னால மானம் போகுதேன்னு, தள்ளுலே, தள்ளுலேன்னு உள்ள இருந்துக்கிட்டே வைதாக. இதே உச்சி வெயில். அவன் தள்ளினான் தாயி. பூட்டின வண்டியத் தள்ளினான். மூக்குல ரத்தம் வந்து அப்படியே டிக்கி மேல சாஞ்சுட்டான். இவுக கடைசி வரைக்கும் போதும்னு சொல்லல."

ஓடிப்போய் அத்தனையையும் இவரிடம் சொல்லி, இது நமக்கு வேண்டாம் என்றேன். காருக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

பெட்டி எங்கள் காருக்கு வந்து சேர்ந்தது. மாட்டிய மறுநாள் காலை, எங்கள் டிக்கியின் மேல் அதே கைத்தடங்கள் இருந்தன.

துடைத்தேன். சாயங்காலம் மறுபடி இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவகாசி ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். தனியாக அனுப்ப மனசு கேட்கவில்லை, நானும் ஏறிக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த அவர் கை, பெண்பிள்ளை கை மாதிரி சின்னக் கை. என் வளையல் அவருக்குச் சரியாக இருக்கும் என்று கல்யாணத்திலிருந்தே கேலி செய்வேன். அன்றைக்கும் செய்தேன். பயத்தை மறைக்க வேறு என்ன செய்ய?

ஒரு மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"உம் பேயை இப்பப் பாரு. ஏலே சோணைமுத்து, தள்ளுலே."

ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. புளியமரத்து இலைகூட ஆடவில்லை.

வண்டி நகர்ந்தது.

மேட்டின் மேலே நகர்ந்தது.

வெடிமருந்து வாடை குப்பென்று உள்ளே வந்தது. பின்னாலிருந்து ஒரு மூச்சு. பாரம் தள்ளுகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. இவர் பிரேக்கை மிதித்தார். சக்கரம் சுற்றாமல் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போனது, ஆனால் வண்டி நிற்கவில்லை. மேடு ஏறியதும் வளைவு, வளைவை ஒட்டிச் சுவர் இல்லாத கிணறு. இவருக்கு வாய் கட்டிப்போயிருந்தது.

"போதும்ணே," என்றேன் நான். "போதும்."

வண்டி நின்றது. மூச்சும் நின்றது.

வீட்டுக்கு வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெட்டியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்க, எனக்கு நீங்க உயிரோடு வேணும் என்றேன். அவருக்கு நடுக்கம் விட ஒரு ராத்திரி ஆனது. விடிந்ததும் கண்ணில் வேறு ஒரு பளபளப்பு.

"எஞ்சினும் ஓடி அவனும் தள்ளினா, எவனால பேச்சி என்னை ஜெயிக்க முடியும்?"

"செத்தும் அந்த மனுசன் உங்களுக்கு வேலை செய்யணுமாக்கும்?"

"ஒரே ஒரு ஓட்டம். அப்புறம் கழட்டிருவேன்."

"கோட்டைத் தாண்டினதும் போதும்னு சொல்லிருவீகளா?"

"சொல்லுவேன்டி."

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

சோழவரத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனத்தோடு ஜனமாக நின்றேன். கொடி விழுந்தது. இரண்டு கார்களும் ஒன்றாகத்தான் கிளம்பின. என்னைத் தாண்டும்போது இவர் தலையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டினார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்த வாயசைப்பு எனக்குத் தெரியும். தள்ளுலே. தள்ளுலே.

டிக்கியின் மேல் அந்த வெள்ளித் தடங்கள் வெயிலில் மின்னின.

அவர் வண்டி எகிறிக்கொண்டு முன்னால் போனது. கோட்டைத் தாண்டிவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் திரும்பி, தோற்றவனைப் பார்த்துச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

வண்டி நிற்கவில்லை.

"போதும்னு சொல்லுங்க," என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தாண்டி ஓடினேன். தளம் முடிந்தது. அதற்கப்பால் பனைமரங்கள். அவர் அந்த வார்த்தையைச் சொன்னாரா, சொல்ல வாய் வராமல் போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரேக் தேய்த்த கறுப்புத் தடம் மரம்வரைக்கும் நெடுக இருந்தது. பிரேக் பிடிக்கவில்லை போல என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஜெயித்த கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நொறுங்கிய வண்டியைக் கயிறு கட்டி ஊருக்குக் கொண்டுவந்து தொழுவத்தை ஒட்டிப் போட்டோம். எஞ்சினை ஒருவன் எடுத்துப் போனான். பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. சண்முகவேலும் அந்தப் பக்கம் வரவில்லை.

சில நாள் மத்தியானம் வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும். நான் போய்ப் பழுதுபட்ட கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, "போதும்ணே, போய் உக்காருங்க," என்பேன். நின்றுவிடும். எனக்குச் சோணைமுத்துமேல் கோபம் இல்லை. வேலை ஏவியவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடக்கிற மனுசன். அப்புறம் அந்தத் தடங்கள் மங்கிக்கொண்டே வந்தன. ஒருநாள் காணாமலே போயின. நிம்மதியாகக் கும்பிட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்குத் திவசம் கொடுத்த அன்று, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பினேன். உச்சிப்பொழுது. வெடிமருந்து வாடை.

டிக்கியின் மேல் புதிதாக இரண்டு கைத்தடங்கள் ஈரமாக மின்னின.

இரண்டிலும் ஐந்து விரல்.

சின்னக் கை. பக்கத்தில் போய் என் கையை அதன்மேல் வைத்தேன். விரலுக்கு விரல் சரியாகப் பொருந்தியது.

கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். பின்னால் அந்த மூச்சு. எத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்து விட்ட மூச்சு. எனக்குத் தெரியாதா?

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அவர் கையை எடுத்துவிடுவார். எடுத்தால் போய்விடுவார். போனால் வரமாட்டார். சொல்லத்தான் உள்ளே ஏறினேன். தொண்டை வரைக்கும் வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

வண்டி மெதுவாக நகர்ந்தது.