தகரத் தேர்வு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, பரோட்டா மாஸ்டர் ரித்விக் ஒரு சுகப்பிரசவம் பார்த்தார். மூன்று கிலோ இருநூறு கிராம், பெண் குழந்தை. தொப்புள்கொடியை வெட்டித் தாயிடம் கொடுத்துவிட்டு, கை கழுவி, மாலைக் கடைக்கு மாவு பிசையக் கிளம்பினார். அந்நேரம் மகப்பேறு செவிலி நேகா சாயப்பட்டறையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயப்பட்டறை மாஸ்டரோ அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தார். செங்காட்டுப்பாளையத்தில் அது ஒரு சாதாரணச் செவ்வாய்.

இதற்கெல்லாம் காரணம் கைப்பழகி. பனியன் துணியில் நரம்புக்கம்பி கோத்துப் பின்னிய சாம்பல் நிறக் கையுறை. ஒரு வேலை தெரிந்தவர் அதை இருபத்தொரு நாள் மாட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்வார். கையின் பழக்கம் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். பிறகு தெரியாதவர் இருபத்தொரு நாள் மாட்டிக்கொண்டால் அவர் கைக்கும் அந்த வேலை வந்துவிடும். பெருநகர ஆய்வகம் எதுவும் கண்டுபிடித்தது அல்ல; இதே ஊரில், பனியன் பின்னும் எந்திரத்திலேயே பின்னியது. இதை ஊர்க்காரர்கள் யாரும் கேட்காமலேயே சொல்வார்கள்.

பின்னியதற்கு ஒரு காரணம் இருந்தது. நாற்பத்து நான்கு வருடங்களுக்கு முன் பெருந்தொற்று வந்தபோது, வடக்கிலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். ஊரடங்கு தளர்ந்த பிறகும் பனியன் கம்பெனிகள் ஓடவில்லை. நூல் இருந்தது, ஆர்டர் இருந்தது, எந்திரம் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த கை பீகாரில் இருந்தது. குடிநீர் வால்வு திறப்பவருக்குத் தொற்று வந்து, அவர் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அணையில் தண்ணீர் ததும்ப, ஒன்பது நாள் ஊரில் குழாய் வறண்டு கிடந்தது. எந்த வால்வை எத்தனை சுற்று திருப்ப வேண்டும் என்று தெரிந்த ஒரே மனிதர் தகரத்துக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார்.

அப்போது ஹரிணிக்குப் பத்து வயது. குடத்தோடு நின்ற ஒன்பது நாளையும் அவள் மறக்கவில்லை. வளர்ந்து நகர்மன்றத் தலைவியானதும் முதல் தீர்மானமே, எந்த வேலைக்கும் ஊரில் நான்கு ஜோடிக் கை இருந்தாக வேண்டும் என்பதுதான். அதன் பிறகு டெங்கு வந்தது, வெள்ளம் வந்தது, பெயர் வைக்கப்படாத இரண்டு காய்ச்சல் வந்தன. பனியன் கம்பெனி ஒரு நாளும் மூடவில்லை. பக்கத்து ஊர்களில் வேலை போய் ஆட்கள் மூட்டை கட்டியபோது, செங்காட்டுப்பாளையத்தில் ஒரு குடும்பம்கூட ஊரை விட்டுப் போகவில்லை.

ஊரின் மரியாதை முறையே மாறிவிட்டது. பணி ஓய்வு விழாவில் மாலை போட்டு, "நீங்க போனதே எங்களுக்குத் தெரியாதுங்" என்று வாழ்த்துவார்கள். துக்க வீட்டிலும் அதேதான். "நேத்துப் போனாருங். இன்னைக்குக் காலைல ஷிப்டு டைமுக்கு ஆரம்பிச்சாச்சுங்" என்று சொன்னால் குடும்பத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த ஊருக்குத்தான் மீட்சிக் குழுவின் அலுவலர் அகரன் சென்னையிலிருந்து வந்திறங்கினார். அந்தக் குழு தரும் 'நிலைத்த ஊர்' முத்திரை உள்ள ஊர்களிடம் மட்டுமே இனி ஆடை வாங்குவது என்று வெளிநாட்டு வணிகர்கள் முடிவு செய்திருந்தார்கள். முத்திரைக்கு ஒரு தேர்வு: ஊரில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, அவர் வீட்டு வாசலைத் தகரத்தால் அடைக்க வேண்டும். இருபது நாள். அவரால் ஊரில் எந்த வேலையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் முத்திரை இல்லை, ஆர்டரும் இல்லை.

குலுக்கலில் வந்த பெயர் தருண். குடிநீர் வால்வு திறப்பவர், ஹரிணியின் கணவர்.

"கடவுள் இருக்காருங்!" என்றாள் ஹரிணி. "இவருக்கு மூணு மாத்தாள். பதிவு பண்ணுனப்போ நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

"நான் ஒருத்தன் இங்கதான் நிக்கறேன்" என்றார் தருண்.

"இருபது நாளு சும்மா படுத்துட்டு டிவி பாக்கக் கசக்குதாக்கும்?"

தகரம் அடிக்கப்பட்டது. விதிப்படி வீட்டுக்குள் அவர் மட்டும். ஹரிணி நகர்மன்ற அலுவலகத்தில் பாய் விரித்துக்கொண்டாள். சாப்பாடு ஜன்னல் வழியாக உள்ளே போனது. தகரத்துக்குப் பின்னால் இருப்பவர் விதிப்படி 'இல்லாதவர்'. ஊர்க் கதை, வீட்டுக் கதை பேசலாம். தன் வேலையைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

முதல் நாள் சாயங்காலம் ஹரிணி தகரத்தைத் தட்டினாள்.

"ஏனுங், கேட்டீங்களா? ஏழு வார்டுலயும் தண்ணி டான்னு வந்துருச்சு. ஒரு நிமிசம் லேட்டு இல்ல."

உள்ளே டிவியின் சத்தம் குறைந்தது. "அப்பிடியா. நல்லது அம்மிணி."

"குரலே செரியில்லையே?"

"சந்தோசந்தான்."

இரண்டாம் நாளும் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் தருண், "யாராச்சும் என்னையக் கேட்டாங்களா?" என்றார். "எதுக்குங்?" என்றாள் ஹரிணி உண்மையான வியப்போடு. நான்காம் நாள் அவர் சாப்பாட்டைப் பாதி மிச்சம் வைத்தார். முப்பத்தொரு வருடம் விடியலில் எழுந்து ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர். அவர் இல்லாதது தெருநாய்க்குக்கூடத் தெரியவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. கௌரவம் தாங்காமல் ஐந்தாம் நாள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மேல்நிலைத் தொட்டி கழுவும் நாளும்கூட.

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு மேட்டுத்தெருவில் குழாய் புஸ்ஸென்று மூச்சு விட்டது. தண்ணீர் வரவில்லை. முந்நூற்று நாற்பது வீடுகள். அகரன் கழுத்தில் தொங்கிய, வேலை நிற்கும் நேரத்தை அளக்கும் தடைமானி அலறத் தொடங்கியது.

முதல் மாற்றாள் வந்தார். ஒன்பது சுற்று திறந்தார், இடது காதைச் சொறிந்தார், நிமிர்ந்தார். புஸ். இரண்டாம் மாற்றாளும் ஒன்பது சுற்று திறந்து இடது காதைச் சொறிந்தார். மூன்றாமவர் ஒரு பெண். அவளும் ஒன்பது சுற்று, இடது காது. காதைச் சொறிவது தருணின் பழக்கம். கைப்பழகி அதையும் விடாமல் பதிந்திருந்தது.

"கை எல்லாம் செரியாத்தான் போகுதுங்" என்றாள் மூன்றாமவள், அழாத குறையாக. "தண்ணிதான் வரமாட்டேங்குது."

ஏழு இருபதுக்கு ஹரிணி தகரத்தின் முன்னால் நின்றாள். பின்னாலேயே அகரன் ஓடி வந்தார்.

"மேடம், ஞாபகம் இருக்கட்டும். அவர் வால்வைப் பத்தி வாயைத் திறந்தா தேர்வு அப்பவே முடிஞ்சுது."

"தெரியுமுங். எட்டு மணி வரைக்கும் தண்ணி வல்லீன்னாலும் முடிஞ்சுது. எம்பட வூட்டுக்காரர்கிட்ட நான் பொதுவாப் பேசறேன்." அவள் தகரத்தை ஓங்கித் தட்டினாள். "ஏனுங்! பதிவு பண்ணுனப்போ நான் பக்கத்துலயேதான இருந்தேன்? ஒரு நாளு மட்டும் மன்றக் கூட்டம்னு போனேன். அது தொட்டி கழுவுன மறுநாளு. அன்னைக்கு என்ன பண்ணித் தொலைச்சீங்?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஆறு நாளில் முதல்முறையாக அவர் துள்ளி எழுந்த சத்தம்.

"கையுறையக் கழட்டுனீங்களா?"

ஒரு செருமல்.

"ஐயோ, கழட்டியிருக்கறாரு! ஏனுங் இப்பிடி? தண்ணில நனைஞ்சுரும்னா?"

செருமல் இல்லை.

வேண்டுமென்றேதான் கழற்றியிருக்கிறார் என்று ஹரிணிக்கு விளங்கிவிட்டது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு விளங்காமல் இருக்குமா? அவள் தகரத்தின் அருகே குனிந்தாள். பின்னால் மேட்டுத்தெருப் பெண்கள் குடங்களோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"இங்க பாருங். மேட்டுத்தெருவே நட்டுக்க நிக்குது. மூணு மாத்தாளும் தோத்துட்டாங்க. நான் இருபது வருசமாப் பேசுன பேச்செல்லாம் போச்சு. நீங்க இல்லாம இந்த ஊரு நின்னு போச்சுங். போதுமா?"

தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு அன்று. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனின் சிரிப்பு.

"மறுக்கா ஒருக்காச் சொல்லு அம்மிணி."

"நின்னு போச்சுங்!"

"தொட்டி கழுவுனா லைனுல காத்து ஏறிக்கும்" என்றார் தருண் கணீரென்று. "அஞ்சு சுத்து தொறந்துட்டு கொழாய்ல காது வெச்சுக் கேக்கோணும். குளுகுளுன்னு சத்தம் நிக்கற வரைக்கும் பொறுத்துட்டு அரைச் சுத்து மூடி, அப்பறம் முழுசாத் தொறக்கோணும். எத்தன நேரம்னு கையிக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்."

அகரன் பெருமூச்சு விட்டுத் தடைமானியை அணைத்தார். ஏழு ஐம்பதுக்கு மேட்டுத்தெருவில் தண்ணீர் பாய்ந்தது. முத்திரை போயிருந்தது.

தகரத்தைப் பிரித்தபோது ஊரே கூடியிருந்தது. கணவரை அடித்துவிடுவார்களோ என்று ஹரிணி முன்னால் போய் நின்றுகொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த செவிலி நேகா, தருணை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமுங் நின்னுது?"

"ஒரு மணி அம்பது நிமிசம்" என்றார் தருண் அடக்கமாக.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோபமில்லை. பொறாமை.

"அவ்வளவுதானா?" என்றாள் நேகா. "நான் ஒரு வாரம் இல்லீன்னா தெரியும் சேதி. கொழந்த தலை திரும்பலீன்னா என்ன பண்ணோணும்னு நான் எந்தக் கையுறைக்கும் காட்டலயே."

"மூணாங் கொதில உப்புப் போடறதுக்கு முன்னால நான் கழட்டிருவேன்" என்றார் சாயப்பட்டறை மாஸ்டர். "அது எங்கப்பாரு எனக்கு மட்டும் சொன்னது."

"பரோட்டாவுக்கு வீச்சு காட்டுனேன்" என்றார் ரித்விக். "மாவு எவ்வளவு ஊறோணும்னு காட்டல."

பின்னல் எந்திர மெக்கானிக் காட்டாத திருகு ஒன்று இருந்தது. பஸ் டிரைவர் காட்டாத கியர் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாக நம்பி, தான் மட்டும் ஒன்றே ஒன்றைத் தனக்கென்று வைத்திருந்தார். ஆளுக்கொன்று. பதினோராயிரம் பேர். இவர்கள் டெங்கைத் தாண்டியதும் வெள்ளத்தைத் தாண்டியதும் எப்படி என்று அகரன் யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் காய்ச்சலோடு படுத்தவர் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய் அந்த ஒன்றைச் செய்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"இன்னொரு வாய்ப்பு இருக்கு" என்றார் அவர் தொண்டையைக் கனைத்து. "மறுதேர்வு. இந்தத் தடவை குலுக்கல் கிடையாது. இவர் இல்லாட்டி எதுவும் நிக்காதுன்னு நீங்களே ஒருத்தரைக் காட்டலாம். ஒரே ஒருத்தர் போதும். முத்திரை உங்களுக்கு. ஆர்டர் உங்களுக்கு."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் இல்லாமல் ஊர் நடக்கும் என்று ஒத்துக்கொள்ள ஒரு கையும் எழவில்லை. எந்த வேலையும் செய்யாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் ஒருவரைச் சிலர் கைகாட்டினார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, "கடைசி பஸ்ஸ யாரு ரிவர்ஸ் பாக்கறதாம்?" என்று கோபித்துக்கொண்டு மறுபடி படுத்தார்.

அகரன் ஹரிணியின் பக்கம் திரும்பினார்.

"மேடம், திட்டமே உங்களோடது. உங்களுக்கும் மூணு மாற்றாள் இருக்காங்க. நீங்க எல்லாத்தையும் கொடுத்திருப்பீங்க. உங்க பேரை எழுதிக்கவா?"

"எழுதுங்" என்றாள் ஹரிணி உடனே. ஊரின் முத்திரைக்காக அவள் உயிரையும் கொடுப்பாள். அகரன் 'ஹ' எழுதினார். 'ரி' எழுதினார்.

"சித்த இருங்" என்றாள் அவள்.

பேனா நின்றது.

"மன்றத்துல இந்த மூணாவது வார்டுக்காரரும் அஞ்சாவது வார்டுக்காரரும் நாற்காலியத் தூக்குவாங்க பாருங், அப்ப நான் ஒரு பார்வை பாப்பேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. "அதைய எந்தக் கையுறைல போடறதுங்? உங்களுக்கு முத்திரை குடுக்கோணும்னு ஆசை இருக்கலாம். ஆனா நெசத்தச் சொல்லோணுமில்ல. நான் இல்லீன்னா, மூணு நாளு தாங்காதுங் இந்த ஊரு."